ஐந்து மணிக்கு நாற்பது வேண்டும்

செத்தவருக்காக யார் உண்மையாக அழுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்க ஒரு வளையம் வந்தது. அதோடு என் பிழைப்பில் பாதி போய்விட்டது.

என் பிழைப்பு ஆள் கூட்டிக்கொண்டு போவது. மாநாடு, வரவேற்பு, கண்டன ஊர்வலம், இறுதி ஊர்வலம், எதுவானாலும் லாரி பிடித்து ஆளை ஏற்றுவேன். கொடியைக் கையில் கொடுத்து, எங்கே கைதட்டணும், எங்கே நெஞ்சில் அடித்துக்கொள்ளணும் என்று சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் அவனவன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். கூட்டம் இல்லாத நாளில் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் கல் குவாரிக்கும் ஆள் அனுப்புவேன். நாற்பது வருஷம் இதேதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு ஆளைப் பார்த்ததும் அவன் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்பான் என்று சொல்லிவிடுவேன்.

வளையத்தை முதலில் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் கொடுத்தார்கள். கொதிப்பு, சர்க்கரை பார்க்க என்றார்கள். கையில் இருந்தால்தான் ரேஷன் அரிசி. கொஞ்ச நாள் கழித்து, அதே வளையத்தில் மனசும் தெரிகிறது என்றார்கள். கோபமா, பயமா, சந்தோஷமா, துக்கமா, நூற்றுக்கு எத்தனை என்று நம்பர் போட்டுக் காட்டுமாம். என் மனசை நானே முழுசாகப் பார்த்ததில்லை, இவனுக்கு எதற்குக் காட்டணும்? என்னுடையதை எங்கள் வீட்டு ஆட்டுக் கழுத்தில் கட்டிவிட்டேன். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தடவை போன் வந்தது. "ஐயா, உங்களுக்கு ரெண்டு நாளா நாடி வேகமா அடிக்குது. ஏதாச்சும் கவலையா?" என்றாள் ஒரு பெண். பக்கத்து வீட்டுக் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு சட்டம் வந்தது. தலைவர் ஒருவர் செத்தால் ஏரிக்கரையில் பாதியை வளைத்து மணிமண்டபம் கட்டுவதும், இவருக்குக் கட்டினாயே அவருக்கு ஏன் கட்டவில்லை என்று பஸ்ஸைக் கொளுத்துவதும் வழக்கமாகிப்போயிருந்தது. யாரோ கேஸ் போட்டார்கள். கமிட்டி உட்கார்ந்தது. கடைசியில் சொன்னார்கள்: உடல் வைத்திருக்கும் இடத்தில் ஜமக்காளம் விரித்து நூறு பேர் உட்காரணும். நூறு கையிலும் வளையம் இருக்கணும். பெட்டியைத் தூக்கும் நிமிஷத்தில் அந்த நூறு பேரின் துக்கத்தைக் கூட்டிச் சராசரி பார்க்கணும். நாற்பது வந்தால் அரசு செலவில் மணிமண்டபம், சிலை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம். முப்பத்தொன்பதே முக்கால் வந்தாலும் ஒன்றும் கிடையாது. ஒரு நல்ல வாத்தியார் செத்தாலே அறுபது வருமாம், அதனால் நாற்பது என்பது இரக்கப்பட்டு வைத்த அளவு என்று கமிட்டியில் ஒருத்தர் சொன்னாராம்.

எங்கள் ஊர்க்காரர் பொன்னரங்கம் சனிக்கிழமை செத்தார். இரண்டு தடவை மந்திரி. மூன்று நாளாக ஆஸ்பத்திரி அறிக்கை "உடல்நிலையில் முன்னேற்றம்" என்றது. கட்சியின் நகரச் செயலாளர் பாலகுரு வெள்ளிக்கிழமையே சாமியானாக்காரனுக்குச் சொல்லிவைத்திருந்தான்.

சேதி வந்ததும் கடைகள் சாத்தின. போன மாதம் வரை அவரைத் திருடன் என்ற டிவி, "ஏழைகளின் ஏணி சாய்ந்தது" என்று சோக வாத்தியம் வைத்தது. முன்பு அவரை ஏணி என்று புகழ்ந்த இன்னொரு டிவி, இப்போது அவருடைய சொத்துப் பட்டியலை ஓட்டியது. முதலாளிகள் கை மாறியிருப்பார்கள். எதிர்க்கட்சித் தலைவர் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். அவருடைய ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள். தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க்குக்கு மவுன அஞ்சலி நேரத்தில் சந்தோஷம் எழுபத்திரண்டு காட்டியது. மகளுக்குப் பிரசவமான சேதி அந்த நிமிஷம்தான் போனில் வந்திருந்தது. விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை, சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

நான் அவரைப் பற்றி நல்லது கெட்டது இரண்டும் சொல்ல முடியும். பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டிக்கொடுத்தார். காட்டுப்பட்டிக்கு பஸ் விட்டார். அவர் வாங்கின நிலங்களில் பாதியில் சொந்தக்காரன் அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டான். இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலகுரு போன் போட்டான்.

"சடையாண்டிண்ணே, எங்க இருக்கீக?"

"வீட்லதான். லாரி அனுப்பவா?"

"ஐயோ, லாரியே வேணாம்ணே. நேத்து நீங்க அனுப்புன ஆளுகளை வெச்சு இருபத்திரண்டுல நிக்கிது."

"எது?"

"நம்பர்ணே, துக்கம்! டிவியப் பாக்கலையா? மூலையில ஓடுது, கிரிக்கெட்டு மாதிரி. அஞ்சு மணிக்குப் பெட்டியத் தூக்குறோம். நாப்பது வேணும். மேலேர்ந்து நாலு தடவ கூப்புட்டுட்டாங்க. வரலேன்னா எம் பதவியப் புடுங்கிருவாங்கண்ணே."

"அழச் சொல்லு."

"அழாமலா இருக்காங்க? கண்ணுல கொடங்கொடமா ஊத்துது. முக்காவாசிப் பேருக்கு வளையத்துல பதினஞ்சுக்கு மேல ஏறல. ஒருத்தனுக்கு ஒரு கட்டிங் ஊத்திப் பாத்தேன். சந்தோசம் எம்பதுங்குது."

கல்யாண மண்டபத்தில்தான் உடலை வைத்திருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்ததை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். வாசலில் எனக்கும் புது வளையம் ஒன்றை மாட்டிப் பூட்டினார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வரும்வரை கழற்ற முடியாது. நடுவில் ஐஸ் பெட்டி. எதிரே ஜமக்காளத்தில் நூறு பேர். பின்சுவரில் பெரிய திரை, அதில் ஒரே ஒரு நம்பர்: 22.

மாப்பிள்ளை அறையில் கம்ப்யூட்டரோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் பர்வீன். பேகம்பூர்ப் பிள்ளை, வளையக் கம்பெனியில் என்ஜினீயர். அவள் திரையில் நூறு கட்டம் இருந்தது. துக்கத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு. பெரும்பாலான கட்டங்கள் சாம்பலாகக் கிடந்தன.

"சாம்பல்னா என்னம்மா?"

"சும்மா உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம் தாத்தா. எப்ப முடியும்னு யோசிக்கிறாங்க."

"கண்ணீர் விடுறாங்களே?"

"கண்ணீர இது பாக்காது. ரத்தம் ஓடுற விதம், வேர்வை, நரம்புத் துடிப்பு, இதெல்லாம் பாக்கும். உள்ள நெசமா இருந்தாத்தான் ஏறும்."

"யாருக்காகன்னு பாக்குமா?"

அவள் கை நின்றது. "என்ன கேக்குறீங்க?"

"உள்ள இருக்கிற துக்கம் இந்தப் பெட்டியில கிடக்கிற ஆளுக்காகவா, வேற யாருக்காகவுமான்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. துக்கத்துல யாரு பேரும் எழுதியிருக்காதுல்ல."

பின்னால் நின்ற பாலகுரு என் தோளை இறுக்கிப் பிடித்தான். "அண்ணே!" என்றான். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. நாற்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

ஆள் கூட்டுகிறவனுக்கு ஊரில் எந்த வீட்டில் சாவு என்று தெரிந்திருக்கணும். அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் லாரியை நிறுத்தி ஹாரன் அடிக்கக் கூடாது என்பதற்காகத் தெரிந்துவைத்துக்கொள்வோம். அன்றைக்கு அதே பட்டியலை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக வேனை நிறுத்தினேன். பதினாறாம் நாள் முடியாத வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். மனைவியைப் பறிகொடுத்த தச்சர், விபத்தில் அண்ணனை இழந்த இரண்டு தம்பிகள், பொட்டு அழித்து ஒன்பது நாளான வாத்தியார் சம்சாரம். பலபேர் வரமாட்டேன் என்றார்கள். சிலரை வார்த்தை சொல்லி ஏற்றினேன்.

ராக்கு என்று ஒருத்தி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒன்பது வயசு மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். பெட் இல்லை என்று ஆஸ்பத்திரியில் தரையில் போட்டிருந்தார்கள்.

"நான் எதுக்குண்ணே அந்தாளு எழவுக்கு? எம்புள்ளைக்கே இன்னும் அழுது முடியல."

"கலெக்டர் வர்றாரு ஆத்தா. ஒரு மனு எழுதிக் கொண்டா. நேரா கையில குடுக்க வெக்கிறேன்."

கலெக்டர் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். அவள் மனு எழுதிக்கொண்டு வந்தாள்.

வளையத்தை மாட்டியதும் அவளுடைய கட்டம் கருநீலமானது. தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு வேனாக வரவர, சும்மா இருந்தவர்களைக் கிளப்பி அந்த இடத்தில் இவர்களை உட்காரவைத்தோம். திரையில் இருபத்தொன்பது, முப்பத்து மூன்று, முப்பத்தேழு. டிவிக்காரர்கள் துள்ளினார்கள். "மக்கள் வெள்ளம் பொங்குகிறது, தலைவருக்கான உண்மைக் கண்ணீரை இதோ அறிவியல் நிரூபிக்கிறது" என்றான் மைக் பிடித்தவன்.

மூன்று மணிவாக்கில் நம்பர் இறங்க ஆரம்பித்தது. எனக்குப் புரியவில்லை. பர்வீன்தான் அறைக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். ராக்குவும் வாத்தியார் சம்சாரமும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். தச்சர் அந்த இரண்டு தம்பிகளுக்குத் தன் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார். சாவு கண்ட ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான், ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கட்டங்களில் நீலம் வெளுத்தது.

"பிரிச்சு உக்கார வைங்கண்ணே," என்றான் பாலகுரு. "போயி கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க."

"எதை?"

"அவங்கவங்க சாவைத்தான்."

போனேன். அதையும் செய்தேன். ராக்குவைத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் குந்தி, "மக பேரு என்னாத்தா?" என்று கேட்டேன்.

"தேனிலா."

"பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சா?"

"நாலாப்பு." அவள் உதடு கோணியது. "ஷூ கேட்டுச்சு. தீவாளிக்கு வாங்கித் தாரேன்னேன்."

திரையில் நம்பர் புள்ளி ஒன்று ஏறியது. அவளும் பார்த்தாள். திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம் மனுவை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கலெக்டர் எங்கே என்று கேட்கவே இல்லை.

நாலரை மணிக்கு முப்பத்தொன்பதரை. அதற்குமேல் அசையவில்லை. கடைசி இடத்தில் கட்சி இளைஞரணிப் பையன் ஒருவன் துக்கம் பன்னிரண்டோடு போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடத்துக்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றாள் பர்வீன். என் பட்டியலில் ஆள் தீர்ந்துபோயிருந்தது.

அப்போது பொதுமக்கள் வரிசையில் சகாயமேரி வந்தாள்.

நான் சொல்ல நிறுத்திவைத்தது இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பொன்னரங்கத்தின் பினாமி தோல் ஷாப்பில் கழிவுக் குழிக்குள் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். ஒருவன் மேரியின் வீட்டுக்காரன் அந்தோணி. குடித்துவிட்டுத் தோல் திருடப் போய் விழுந்துவிட்டார்கள் என்று எழுதி முடித்தார்கள். மேரி விடவில்லை. குழிக்குள் இறக்கியவன் பொன்னரங்கம்தான் என்று கோர்ட்டுக்குப் போனாள். கேஸில் கூட இருந்த தோல் ஷாப்பு மேனேஜர் இடையில் செத்துப்போனான். வாய்தா மேல் வாய்தா. திண்டுக்கல் கோர்ட்டு வாசலில் அவளைப் பார்க்காத நாளே கிடையாது என்பார்கள். கடைசியில் இந்தப் புதன்கிழமை பொன்னரங்கம் நேரில் வந்து கூண்டில் ஏறியே ஆகணும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டிருந்தார்.

துணிக்கடைப் பையில் கேஸ் கட்டை வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். சத்தமே இல்லை. முகம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

"தாத்தா," என்று பர்வீன் கூவினாள். "அந்தம்மாவுக்குத் தொண்ணூத்தாறு! நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

பாலகுரு ஓடிப்போய் அவளை அழைத்துவந்து பையனை எழுப்பி அந்த இடத்தில் உட்காரவைத்தான். திரை மாறியது. 40.3.

மண்டபமே எழுந்து கத்தியது. யார் அவள் என்று டிவிக்காரனுக்கு யாரோ காதில் சொல்ல, அவன் கண் மின்னியது. "வழக்குத் தொடுத்த பெண்ணே கதறுகிறார், எதிரியையும் அழவைத்த மாமனிதர்!" என்று மைக்கில் அலறினான். அடுத்த நிமிஷமே எல்லா டிவியிலும் அவள் முகம். மற்றொரு டிவியில், அவளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நாலு பேர் விவாதம் செய்ய உட்கார்ந்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, போயி பக்கத்துல உக்காருங்க," என்றான் பாலகுரு. "பெட்டியத் தூக்குனதும் டிவியில ரெண்டு வார்த்தை பேசணும். மன்னிச்சுட்டேன்னு சொன்னா போதும். உங்களுக்குப் பழக்கமான ஆளுதானே?"

பழக்கம்தான். பக்கத்தில் போய்க் குந்தினேன். மணி நாலு ஐம்பது.

"மேரி, நீ எதுக்கும்மா இவருக்காக அழுற?"

"இவனுக்கா?" அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "புதன்கெழம கூண்டுல ஏறணும்ணே இவன். பதினோரு வருசமா அந்த ஒரு நாளைக்குத்தான் உசுர வெச்சிருந்தேன். நேத்து வக்கீல் கூப்புட்டாரு. ஆளு செத்தா கேசும் செத்துருச்சாம். ஒத்த ஆளு கேசு. ரெண்டாவதா ஒருத்தன் மாட்டியிருந்தா கேசு உசுரோட இருந்துருக்கும்மான்னாரு. அதான் பாக்க வந்தேன், நெசமாவே செத்துட்டானான்னு. இவனுக என்ன வேணா டிராமா போடுவானுக."

பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு காலேஜுக்குப் போறா. அப்பா எப்படிச் செத்தார்னு யாராச்சும் கேட்டா பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துருவா. அந்தோணி பேரு பேப்பர்ல திருடன்னே நிக்கப்போவுதுண்ணே." திரையைப் பார்த்தாள். "அது என்ன நம்பரு? நான் உக்காந்ததும் ஏறுச்சே?"

சொன்னேன். நாற்பது என்றால் என்ன, ஐந்து மணி என்றால் என்ன, மணிமண்டபம், பாடப் புத்தகம், எல்லாம் சொன்னேன்.

"எந் துக்கத்தையா கணக்குல சேத்தீங்க?"

எழுந்தாள். வாசலில் நின்ற தொண்டர்கள் கையைக் குறுக்கே போட்டார்கள். "அஞ்சு மணி வரைக்கும் உக்காரும்மா." வளையத்தைப் பிடித்து இழுத்தாள். பூட்டியது பூட்டியதுதான், மணிக்கட்டில் தோல் உரிந்தது. திரும்ப வந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அழக் கூடாதுன்னு நெனைக்கிறேண்ணே," என்றாள் துணிக்குள்ளிருந்து. "முடியல. நெனைக்க நெனைக்க வருது."

திரையில் 40.4.

மணி நாலு ஐம்பத்தாறு. பெட்டியைத் தூக்க ஆட்கள் தோள்துண்டை இறுக்கிக் கட்டினார்கள். எனக்கு எழுபத்தொரு வயசு. ஜெயிலில் எந்தப் பக்கம் படுக்க விடுவார்கள் என்றுதான் முதலில் நினைப்பு ஓடியது. மனுஷன் அப்படித்தான் நினைப்பான். நல்லவன் மாதிரி எழுத எனக்கு வராது.

"மேரி," என்றேன். "அன்னிக்குக் காலையில அந்தோணிக்குப் போன் வந்துச்சுல்ல?"

"ஆமா. மேஸ்திரி கூப்புடுறாருன்னு சட்டையப் போட்டுட்டுப் போச்சு. எந்த மேஸ்திரின்னு சொல்லல. உங்ககிட்டகூட வந்து கேட்டேனே."

"நீ கேட்ட. நான் இல்லேன்னேன். அது நான்தான்."

அவள் துணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"குழி அடச்சிருக்கு, மூணு ஆள் அனுப்புன்னு பொன்னரங்கமே எங்கிட்டப் பேசுனாரு. மூணு பேரையும் நான்தான் அனுப்புனேன். உள்ள விசவாயு இருக்கும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருடப் போகல, நான் கூப்புட்டுத்தான் போனாங்க. கோர்ட்டுல கேட்டப்ப அவங்களைத் தெரியாதுன்னு சொன்னேன். அதுவும் பொய். வக்கீல் சொன்ன ரெண்டாவது ஆளு நான்தான்."

அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பொத்தான் இரண்டு தெறித்தது.

"பதினோரு வருசம்," என்றாள். "பதினோரு வருசமாடா? எதிர்ல வந்தா, கேசு எப்படிம்மா போகுதுன்னு கேட்டியேடா!"

கேட்டேன். உண்மைதான். பார்க்கிற போதெல்லாம் கேட்டிருக்கிறேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பர்வீன் பிறகு எனக்குச் சொன்னாள்: அந்தக் கட்டம் கருநீலத்திலிருந்து ஒரே நொடியில் சிவப்பாகிவிட்டதாம். துக்கம் ஒன்பது, கோபம் தொண்ணூற்றெட்டு. கம்பெனிக்கு எழுதினால்கூட நம்பமாட்டார்கள் தாத்தா என்றாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். சங்கு ஊதினார்கள். திரையில் நம்பர் நின்றது: 39.5.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராக்கு மட்டும் எழுந்து, பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனாள்.

பாலகுரு என்னைச் சுவரோடு தள்ளினான். "என்னய்யா சொன்ன அவகிட்ட?"

"உண்மையச் சொன்னேன்."

"உன்னைய யாரு அதச் சொல்லச் சொன்னா?"

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் ஒன்றைச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு டிவி வளையத்தில் கோளாறு என்றது. இன்னொன்று வெளிநாட்டுச் சதி என்றது. எதிர்க்கட்சி, மக்கள் தீர்ப்பு என்று லட்டு கொடுத்தது. கட்சி, எங்களுக்கு மெஷின் தேவையில்லை, அவர் எங்கள் நெஞ்சில் இருக்கிறார் என்று அறிக்கை விட்டது. மேரி என் சட்டையைப் பிடித்ததை எல்லா கேமராவும் எடுத்திருந்தது. துக்கம் தாங்காமல் மயங்கிச் சரிந்த பெண்ணைப் பெரியவர் ஒருவர் தாங்கிப் பிடித்தார் என்று போட்டார்கள். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வாசலில் குரல் கேட்டது. மேரிதான். அதே துணிக்கடைப் பை. பின்னால் அவள் மகள், என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்தரைக்குத்தானே கோர்ட்டு?" என்றேன். "நானே வந்துருப்பேன்."

"உன்னைய நம்ப முடியாது. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வக்கீல் வாசல்ல நிப்பாரு. ஏதாச்சும் சாப்புட்டுக்க, அங்க நேரமாகும்."

அண்ணே என்று சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் மாட்டாள்.

நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். தெறித்த பொத்தான்களை இன்னும் தைக்கவில்லை. நிஜமாகச் சொல்கிறேனா என்று கோர்ட்டில் கேட்டால் காட்டலாம் என்று, ஆட்டுக் கழுத்தில் கிடந்த வளையத்தை அவிழ்த்துக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மேரி அதைப் பார்த்தாள்.

"அதக் கழத்தி வெச்சுட்டு வா," என்றாள். "அங்க வாயாலதான் சொல்லணும்."